எனக்குப் பிறகு இவனுக்கு யார்?

 

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ரமலான் மாதத்தின் கடைசிப் பத்து. லுஹருக்குப் பின் மதரஸாவின் திண்ணையில் ஜகாத் பட்டியலை விரித்து வைத்துக்கொண்டு அமர்ந்திருந்தேன். விதவைகள், கடன்பட்டோர், முதியோர், ஊனமுற்றோர் என்று தலைப்பிட்டுப் பிரித்த பட்டியல். ஒவ்வொரு பெயருக்கும் ஓர் உறை. ஊனமுற்றோர் வரிசையில் நான்காவது பெயருக்குரிய இளைஞனை அவனுடைய தாயார் கையைப் பிடித்து அழைத்துவந்தார். இளைஞன் என்று எழுதுகிறேன். அப்போது அவனுக்கு முப்பத்து நான்கு வயது. மன வளர்ச்சி ஆறேழு வயதோடு நின்றுவிட்டது. பணத்தை எண்ணத் தெரியாது. ஆனால் பாங்கு சப்தம் கேட்டால் ஊரில் முதல் ஆளாகப் பள்ளிவாசலுக்கு வந்து நிற்பான்.

உறையைக் கொடுத்தேன். அந்த அம்மா வாங்கிக்கொண்டார், ஆனால் போகவில்லை.

"ஹஜ்ரத், வருஷா வருஷம் குடுக்குறீங்க, அல்லா பரக்கத் செய்யட்டும். நான் மவுத்தாயிட்டா இந்தப் புள்ளைய யாரு பாக்குறது? அதையும் ஒங்க கிதாபுல பாத்துச் சொல்லுங்க."

"அல்லாஹ் இருக்கான்மா" என்றேன்.

"அல்லா இருக்கான். அது எனக்கும் தெரியும் ஹஜ்ரத்" என்று சொல்லிவிட்டு மகனை அழைத்துக்கொண்டு நடந்தார்.

வாசகர்களே! இருபது ஆண்டுகளாக ஓதிக்கொடுக்கிறேன். கல்லூரியில் வரலாறு படித்துப் பட்டமும் பெற்றவன். அந்தத் தாய் கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. இன்னும் உண்மையைச் சொன்னால், அப்படி ஒரு கேள்வி இருப்பதே அன்றுவரை எனக்குத் தோன்றவில்லை. ஆண்டுக்கு ஒருமுறை உறையைக் கொடுத்ததும் பட்டியலில் அந்தப் பெயருக்கு எதிரே ஒரு கோடு போட்டுவிடுவேன். அத்துடன் கடமை முடிந்தது என்றிருந்தேன்.

ஊனமுற்ற குழந்தை என்றால் ஊரார் இரங்குகிறார்கள். அந்தக் குழந்தை வளர்ந்து மீசை முளைத்த மனிதனாகிவிட்டால் இரக்கம் மெல்ல விலகுகிறது. பள்ளிக்கூடம் பதினெட்டு வயதோடு விடை கொடுத்துவிடுகிறது. அதன் பிறகு நாற்பது, ஐம்பது ஆண்டுகள் அவன் வாழ வேண்டுமே! நெய்வேலி நகரியத்திலும் சிறப்புக் குழந்தைகளுக்குப் பள்ளி இருக்கிறது. ஆனால் எங்கள் கம்மாபுரம் பக்கத்துக் கிராமங்களில் வீட்டுத் திண்ணையில் அமர்ந்தே நரைத்துப் போனவர்களுக்கு என்ன வழி? இதை விசாரித்துக்கொண்டிருந்தபோதுதான், என்னிடம் ஓதிச் சென்று கடையநல்லூர்ப் பக்கம் பணியாற்றும் பழைய மாணவர் ஒருவர், "ஆய்க்குடிக்கு ஒருமுறை வந்து பாருங்கள் ஹஜ்ரத்" என்று கடிதம் எழுதினார். விருத்தாசலத்தில் இரவு ரயிலேறினால் விடிந்ததும் தென்காசி. அங்கிருந்து சில மைல் தொலைவுதான் ஆய்க்குடி.

தென்காசி வட்டாரம் நம் சமுதாயத்தாருக்குப் புதிதன்று. கடையநல்லூர், வடகரை, அச்சன்புதூர் என்று சுற்றிலும் முஸ்லிம்கள் நிறைந்த ஊர்கள். அவற்றுக்கு நடுவே, முருகன் கோயிலால் பெயர் பெற்ற ஆய்க்குடியில், 'அமர் சேவா சங்கம்' என்ற நிறுவனம் 1981ஆம் ஆண்டிலிருந்து இயங்கிவருகிறது. அதன் வரலாற்றைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

ஆய்க்குடியைச் சேர்ந்தவர் எஸ். இராமகிருஷ்ணன். பொறியியல் படித்துக்கொண்டிருந்த திடகாத்திரமான வாலிபர். 1975இல் கடற்படை அதிகாரி பதவிக்கான தேர்வுக்காகப் பெங்களூர் சென்றார். எழுத்துத் தேர்வு போன்றதன்று அது. ஏறுதல், தாண்டுதல், குதித்தல் என்று உடல் வலிமையையும் துணிவையும் சோதிப்பது. அந்தச் சோதனைகளின் போது உயரத்திலிருந்து விழுந்தார். கழுத்துப் பகுதியில் தண்டுவடம் நசுங்கியது. கழுத்துக்குக் கீழே உடல் செயலற்றுப் போயிற்று.

தண்டுவடக் காயம் என்பது என்னவென்று நம்மில் பலருக்குத் தெரியாது. அறுந்த நரம்புப் பாதை எலும்பு கூடுவதைப் போல் மீண்டும் கூடுவதில்லை. கை கால் அசையாதது மட்டுமல்ல; உணர்ச்சியும் போய்விடுகிறது. சிறுநீர், மலம் கழிப்பது தன் வசத்தில் இல்லை. படுத்த படுக்கையில் இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறையாவது புரட்டிப் படுக்கவைக்காவிட்டால் இடுப்பிலும் குதிகாலிலும் தோல் அழுகிப் புண்ணாகும். வலி தெரியாததால் புண் எலும்பைத் தொடும்வரை நோயாளிக்கே தெரியாது. இப்படிப்பட்டவர்களில் பலர் காயத்தால் இறப்பதில்லை. அந்தப் புண்ணாலும் சிறுநீரகக் கோளாறாலும் இறக்கிறார்கள். அதாவது, கவனிப்புத் தெரிந்த கைகள் பக்கத்தில் இல்லாததால் இறக்கிறார்கள். வளைகுடா நாடுகளில் சாரத்திலிருந்து விழுந்து, விமானத்தில் படுக்கையோடு வந்திறங்கிய நம் பிள்ளைகள் எத்தனை பேர் இப்படிப் போய்ச் சேர்ந்திருக்கிறார்கள் என்பதை ஒவ்வொரு ஜமாஅத்தும் தன் கபுறஸ்தானில் நின்று எண்ணிப் பார்க்கலாம்.

இராமகிருஷ்ணனுக்குப் படைத்துறை மருத்துவமனைகளில் சிகிச்சை நடந்தது. அங்கே அவரைக் கவனித்து, மனத்தைத் தேற்றிய மருத்துவர் ஏர் மார்ஷல் அமர்ஜித் சிங் சாஹல். நோயாளி ஊர் திரும்பினார். மருத்துவரின் பெயரை மறக்கவில்லை. பின்னாளில் தாம் தொடங்கிய சங்கத்துக்கு 'அமர்' என்று அவர் பெயரையே சூட்டினார். தெற்குக் கோடியில் உள்ள ஒரு சிற்றூரின் நிறுவனம் ஒரு சீக்கிய மருத்துவரின் பெயரைத் தாங்கி நிற்பதை நான் நெடுநேரம் எண்ணிக்கொண்டிருந்தேன்.

1981ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் சபை ஊனமுற்றோருக்கான சர்வதேச ஆண்டாக அறிவித்திருந்தது. அந்த ஆண்டில்தான் ஆய்க்குடியில் ஒரு கூரைக் கொட்டகையில் ஒருசில பிள்ளைகளோடு சங்கம் தொடங்கியது. பெரும்பாலும் இளம்பிள்ளை வாதத்தால் கால் சூம்பியவர்கள். தொடங்கியவர் தாமாக ஒரு டம்ளர் தண்ணீரை எடுத்துக் குடிக்க இயலாதவர். இதை வாசகர்கள் மனத்தில் இருத்த வேண்டும். நம்மிடம் ஒரு பள்ளிவாசல் நிர்வாகம் என்றால் முதலில் கட்டட நிதி, பிறகு கல்வெட்டில் யார் பெயர் முதலில் என்ற சர்ச்சை. அதற்குள் நிர்வாகமே மாறிவிடும். அங்கே தொடங்கியபோது இருந்தது கூரை மட்டுமே.

பதினோர் ஆண்டுகள் கழித்து, 1992இல், எஸ். சங்கர ராமன் என்பவர் வந்து சேர்ந்தார். பட்டயக் கணக்கர். தசைச் சிதைவு நோயால் சிறு வயதிலிருந்தே நடக்க முடியாமல் சக்கர நாற்காலியில் வாழ்பவர். சென்னையில் நல்ல வருமானத்துக்கு வழியிருந்தும் கிராமத்துக்கு வந்தார். கனவு காண்பவர் ஒருவர், கணக்குப் பார்ப்பவர் ஒருவர். ஒரு நிறுவனம் நிலைக்க இருவரும் வேண்டும். நம் சமுதாயத்தின் நல்ல முயற்சிகள் பல, கணக்கெழுத ஆளில்லாமல் கலைந்திருக்கின்றன என்பது என் சொந்த அபிப்பிராயம், மறுப்பவர்கள் எழுதலாம்.

இவ்விருவருக்கும் முன்னோடி ஒருவர் தமிழகத்திலேயே உண்டு. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் டாக்டர் மேரி வர்கீஸ் 1954இல் ஒரு வாகன விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளில் அறுவை சிகிச்சை செய்தார். பிறகு அமெரிக்கா சென்று மறுவாழ்வு மருத்துவம் கற்று வந்தார். 1966இல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் உருவாக அவரே காரணம். ஆனால் வேலூருக்கு வந்து சேர முடிந்தவர்களுக்குத்தான் வேலூர். வர முடியாதவர்களுக்கு?

இங்கேதான் ஆய்க்குடியின் தனிச்சிறப்பு இருக்கிறது. வளாகத்துக்குள் பள்ளி, தையல், கணினி போன்ற தொழிற்பயிற்சிகள், காலுக்கு ஊன்றுகருவி செய்யும் கூடம், தண்டுவடம் பாதித்தோருக்கான மறுவாழ்வு மையம் எல்லாம் ஒவ்வொன்றாக வளர்ந்தன. ஆனால் எத்தனை கட்டடம் கட்டினாலும் சுற்று வட்டாரத்தின் ஊனமுற்றோர் அனைவரையும் உள்ளே வைத்துக்கொள்ள இயலாது, வைத்துக்கொள்ளவும் கூடாது. வீட்டை விட்டுப் பிரித்துக் காப்பகத்தில் சேர்ப்பது கடைசி வழியாக இருக்க வேண்டுமே தவிர, முதல் வழியாக அன்று. 1978இல் அல்மா அட்டா நகரில் நடந்த உலக சுகாதார மாநாட்டிற்குப் பின் 'சமூகம் சார்ந்த மறுவாழ்வு' என்ற முறை பரவியது. அதை அமர் சேவா சங்கம் தன் சுற்றுப்புறக் கிராமங்களில் கடைப்பிடித்தது. உள்ளூர்ப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்து வீடு வீடாக அனுப்புவார்கள். அவர் வந்து மூட்டை எப்படி நீட்டி மடக்குவது, குழந்தையை எப்படி உட்காரவைப்பது என்று தாய்க்குச் செய்து காட்டுவார். சான்றிதழுக்கும் உதவித்தொகைக்கும் எந்த அலுவலகத்தில் விண்ணப்பிப்பது என்று சொல்லித் தருவார். வளர்ந்தவர்களைச் சுய உதவிக் குழுக்களாகச் சேர்ப்பார்கள். சேமிப்பார்கள், கடன் பெற்றுக் கடை வைப்பார்கள்.

வளாகத்தில் என் கண்ணில் பட்டதைச் சொல்ல வேண்டுமென்றால், ஒரே ஒரு விஷயம். படிக்கட்டு இருக்க வேண்டிய இடத்தில் சாய்தளம். அவ்வளவுதான். சக்கர நாற்காலியில் வந்தவர்கள் யாரையும் அழைக்காமல், யாருக்கும் நன்றி சொல்லாமல், தாமாக ஏறிப் போனார்கள். நான் முன்பு இமாமத் செய்த ஓர் ஊரில் பள்ளிவாசலுக்கு ஏழு படிகள். போலியோ பாதித்த ஒரு பெரியவர் வெள்ளிக்கிழமைதோறும் அந்த ஏழு படிகளையும் கைகளை ஊன்றித் தவழ்ந்து ஏறுவார். ஜும்ஆவுக்கு வர இயலாதவருக்கு மார்க்கத்தில் சலுகை உண்டு என்று அவரிடம் அறிவாளித்தனமாக ஒருமுறை சொன்னேன். அவர் சிரித்தார். "சலுகை எனக்குத்தானே ஹஜ்ரத்? படிக்கட்டுக்கு இல்லையே?" என்றார். அதன் பொருள் எனக்கு ஆய்க்குடியில்தான் விளங்கிற்று. பார்வையற்ற அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்கள் மஸ்ஜிதுந் நபவியில் பாங்கு சொன்னவர்கள். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வெளியூர் சென்ற சமயங்களில் மதீனாவில் பொறுப்பாளராக நியமிக்கப்பட்டவர்கள். 'அபஸ' அத்தியாயம் அவர்கள் பொருட்டு இறங்கியது. இதையெல்லாம் பிள்ளைகளுக்கு மனப்பாடமாக ஓதிக்கொடுக்கிறேன். படிக்கட்டை மட்டும் நான் பார்த்ததில்லை.

இந்தியாவில் கடைசி போலியோ பாதிப்பு 2011 ஜனவரியில் பதிவாயிற்று. 2014 மார்ச்சில் நாடு போலியோ அற்றதென அறிவிக்கப்பட்டது. அல்ஹம்துலில்லாஹ். ஆனால் எழுபதுகளிலும் எண்பதுகளிலும் அந்நோய் தொட்ட குழந்தைகள் இன்று நடுவயதைத் தாண்டியவர்கள். அவர்களுடைய அத்தாவும் அம்மாவும் முதுமையிலோ கபுறிலோ இருக்கிறார்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் 2 கோடியே 68 லட்சம் மாற்றுத்திறனாளிகள். தமிழகத்தில் ஏறத்தாழ 11 லட்சத்து 80 ஆயிரம். 'மாற்றுத்திறனாளி' என்ற சொல் அரசு வழக்கில் வந்து ஆண்டுகள் பல ஆகின்றன. நம் மஹல்லாக்களில் இன்னும் 'நொண்டி பாய்', 'செவிட்டு பாய்' என்றே பெயர்கள் வழங்குகின்றன. பட்டப்பெயர் சூட்டி அழைப்பதை 'ஹுஜுராத்' அத்தியாயம் தடுத்திருப்பது நாம் அறியாததா?

இன்னொன்றைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரை நேர்மையற்றதாகிவிடும். 2001 ஆகஸ்ட் 6ஆம் நாள் விடியலுக்கு முன், இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு தனியார் மனநோயாளர் காப்பகத்தின் கொட்டகை தீப்பற்றியது. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தார்கள். ஓட முடியவில்லை. 28 பேர் கருகி இறந்தார்கள். உச்சநீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. அங்கிருந்த காப்பகங்கள் மூடப்பட்டன. நூற்றுக்கணக்கானோர் அரசின் பொறுப்பில் சேர்க்கப்பட்டனர். இறந்தவர்களில் எல்லாச் சமயத்தாரும் உண்டு. அவர்களை அங்கே கொண்டுவந்து விட்டவர்கள் கொடியவர்கள் அல்லர். வேறு வழி தெரியாத தாயும் தந்தையும் அண்ணனும். 'இவனுக்கு யார்' என்ற கேள்விக்குச் சங்கிலிதான் அவர்களுக்குக் கிடைத்த பதில். அதற்குப் பிந்திய ஆண்டுகளில் நிலைமை கொஞ்சம் மாறியிருக்கிறது. குஜராத்தின் மீரா தாதார் தர்காவில் 2008இல் 'தவா–துவா' என்ற பெயரில், துஆவும் நடக்கட்டும், மருந்தும் நடக்கட்டும் என்று மனநல மருத்துவர்களை அமர்த்தினார்கள். ஏர்வாடியிலும் நோயாளிகள் மருத்துவரிடம் காட்டிக்கொள்ளும் ஏற்பாடு வந்தது. துஆவை நம்புகிறவன் மருந்தைக் கைவிட வேண்டும் என்று எந்தக் கிதாபிலும் நான் படித்ததில்லை.

சரி, அந்த அம்மாவின் கேள்விக்கு வருகிறேன். ஆய்க்குடியிலிருந்து திரும்பிய பின் சட்டம் தெரிந்தவர்களைக் கேட்டேன். 1999இல் நாடாளுமன்றம் 'தேசிய அறக்கட்டளைச் சட்டம்' என்று ஒன்றை இயற்றியிருக்கிறது. மன வளர்ச்சிக் குறைபாடு, மூளை முடக்குவாதம், ஆட்டிசம், ஒன்றுக்கு மேற்பட்ட குறைபாடுகள் ஆகியவற்றை உடையோருக்கானது. பிள்ளைக்குப் பதினெட்டு வயது நிறைந்துவிட்டால், பெற்ற தாயே ஆனாலும் சட்டத்தின் கண்ணில் அவன் சார்பில் கையெழுத்திடும் உரிமை அவளுக்கு இல்லை. ஆகவே, சட்டப்படியான காப்பாளரை நியமிக்க வேண்டும். மாவட்ட ஆட்சியர், பதிவு பெற்ற தொண்டு நிறுவனத்தின் பிரதிநிதி ஒருவர், மாற்றுத்திறனாளி ஒருவர் ஆகியோர் கொண்ட குழுவுக்குப் பெற்றோரோ உறவினரோ விண்ணப்பிக்கலாம். நியமனம் பெறும் காப்பாளர் ஆறு மாதத்துக்குள் அவனுடைய சொத்துப் பட்டியலைக் கொடுக்க வேண்டும். ஆண்டுதோறும் கணக்குக் காட்ட வேண்டும். 'நிராமயா' என்ற மருத்துவக் காப்பீடும் இதே அமைப்பின் கீழ் உண்டு. என் பட்டியலில் இருந்த எந்தக் குடும்பத்துக்கும் இது தெரியாது. எனக்கும் தெரியாது.

ஷரீஅத்தின் பக்கமும் பாருங்கள். வாரிசுரிமையில் மூளை வளர்ச்சி குன்றிய மகனுக்கும் மற்ற ஆண் மக்களுக்குரிய அதே பங்கு. ஒரு தினார் குறையாது. தன் பொருளைத் தானே நிர்வகிக்க இயலாதவர்களின் சொத்தை எப்படிக் காக்க வேண்டும் என்று 'அந்நிஸா' அத்தியாயத்தின் தொடக்கத்திலேயே நெறி வகுக்கப்பட்டிருக்கிறது. ஆனால் நடப்பது என்ன? "அவனுக்கு எதுக்கு நிலம்? நாங்க பாத்துக்கறோம்" என்று பத்திரத்தில் அவன் பெயரை விட்டுவிடுகிறார்கள். தாய் அவனுக்குக் கூடுதலாக எழுதிவைக்க விரும்பினால், வாரிசுக்கு வஸிய்யத் செய்வது மற்ற வாரிசுகளின் சம்மதமின்றிச் செல்லாது. அதனால் உயிரோடிருக்கும்போதே பிள்ளைகள் எல்லோரையும் உட்காரவைத்துப் பேசி முடிப்பதுதான் நல்லது. பேச்சை யார் தொடங்குவது? ஜமாஅத் தொடங்கலாமே! தலாக் பஞ்சாயத்துக்கு மூன்று இரவு கூடுகிறவர்கள் இதற்கு ஒரு மாலை கூடக் கூடாதா?

பணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. எங்கள் பகுதியில் ஹனஃபி மத்ஹபினர் அதிகம். ஜகாத்தைத் தகுதியானவரின் கையில் உடைமையாக்கிக் கொடுக்க வேண்டும் என்பது அம்மத்ஹபின் நிபந்தனை. ஏழையான ஒருவருக்குச் சக்கர நாற்காலியோ தையல் இயந்திரமோ வாங்கி அவருக்கே சொந்தமாக்கினால் ஜகாத் நிறைவேறும். மறுவாழ்வு மையத்துக்குச் சுவர் எழுப்பினால் நிறைவேறாது. ஆண்டுக்கணக்கில் தொடர வேண்டிய பராமரிப்புக்கு ஏற்றது வக்ஃபு. உமையாக்களின் கலீஃபா வலீத் இப்னு அப்துல் மலிக் (ஆட்சி 705–715) நடக்க இயலாதோருக்குப் பணியாளரையும், பார்வையற்றோருக்கு வழிகாட்டியையும் அரசுச் செலவில் அமர்த்தினார் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். நம்மிடம் கந்தூரிக்கும் கட்டடத்துக்கும் வக்ஃபு நிலங்கள் உண்டு. ஒரு மாவட்டத்தில் ஓர் ஏக்கரின் குத்தகையையாவது இதற்கென்று ஒதுக்கினால், வீடு வீடாகச் செல்லும் ஒரு பெண்ணின் சம்பளம் வந்துவிடும்.

2020இல் இராமகிருஷ்ணனுக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. செய்தியைப் படித்த நம்மவர்கள் பலர் அப்போதுதான் அந்தப் பெயரைக் கேள்விப்பட்டார்கள். முப்பத்தொன்பது ஆண்டுகளாக அந்தச் சங்கம் நம் கடையநல்லூருக்கும் வடகரைக்கும் பக்கத்திலேயே இருந்தது.

அந்த அம்மாவிடம் போய்ச் சொன்னேன். மருத்துவச் சான்றிதழுக்கு விருத்தாசலத்துக்கும் கடலூருக்கும் நான்கு முறை அலைந்தோம். மூத்த மகன் திருப்பூரில் வேலை பார்க்கிறார். முதலில் வர மறுத்தார். பங்கு போய்விடுமோ என்ற பயம். மூன்றாவது முறை தொலைபேசியில் பேசியபோது, "கணக்கெல்லாம் நான் எழுதணுமா ஹஜ்ரத்?" என்று கேட்டார். "வருஷத்துக்கு ஒருமுறை. நான் கூட இருக்கேன்" என்றேன். ஒரு வெள்ளிக்கிழமை வந்து கையெழுத்திட்டார். தம்பி அண்ணனின் சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்துக்கொண்டு தானும் அந்தத் தாளின் ஓரத்தில் ஏதோ கிறுக்கினான். எழுத்தர் கோபித்துக்கொண்டு வேறு படிவம் கொடுத்தார். கிறுக்கிய படிவம் என்னிடம் இருக்கிறது. இப்போது என் ஜகாத் பட்டியலோடு சேர்த்து வைத்திருக்கிறேன்.